மஹர் மோதிரம்

அடிஸ் அபாபா
20 பிப்ரவரி 2024

அன்புள்ள சைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அங்கே போனைச் சோதிக்கிறார்களாமே, அதனால் பாங்காக்குக்கும் அங்கேயுமாகச் சரக்கு கொண்டுபோய்வரும் முகைதீன் காக்கா ஆட்கள் மூலம் இந்தக் கடிதம். யாங்கோனில் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ரிஹானை இங்கே அனுப்பிவிடு.

இந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சுலைமான் நபியைப் பார்க்கப் போன இந்நாட்டு ராணிக்கு அவரால் ஒரு மகன் பிறந்தானாம். அவன் வளர்ந்ததும், அவர் தந்த மோதிரத்தோடு தகப்பனிடம் அனுப்பினாளாம். இவர்கள் ராஜவம்சமே அவனிடமிருந்துதானாம். நம் மகனும் உன்னிடம் இருக்கும் என் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வரட்டும். மூன்று வயதில் பார்த்தவனை எப்படி அடையாளம் காண்பேன்? இங்கே நான் கட்டியவளிடம் எனக்குப் பெண்பிள்ளைகள்தான். இங்குள்ள என் கடை அவனுக்கே.

உதுமான்

யாங்கோன்
5 மார்ச் 2024

மச்சானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

ஒருவழியாக எங்கள் நினைப்பு வந்ததே, சந்தோஷம். ரிஹானை ஷ்வேப்யிதா பேக்டரி வேலையிலிருந்து நிறுத்தி வீட்டில் அடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் வார்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கல். வாசலில் கார் நின்றாலே எனக்கு உயிர் போய்வருகிறது.

நீங்கள் பாதிக் கதைதான் சொன்னீர்கள். மீதியை ரிஹான் தேடிப் படித்துச் சொன்னான். இங்கேயே இரு என்று தகப்பன் எவ்வளவோ கெஞ்சியும் அந்தப் பிள்ளை தாயிடமே திரும்பிவிட்டானாம். நிலைமை சரியானதும் திருப்பி அனுப்புவேன் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அனுப்புகிறேன்.

சைதா

அடிஸ் அபாபா
19 மார்ச் 2024

சைதா,

பொய் எழுத எனக்கு மனமில்லை. அவன் வந்தால் வந்ததுதான். அந்த ஊருக்கு மறுபடி அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? குலுக்கலுக்கு முன்னால் அனுப்பு. என் மோதிரத்தை மறந்துவிடாதே.

உதுமான்

யாங்கோன்
2 ஏப்ரல் 2024

மச்சானுக்கு,

ரிஹான் நாளை கிளம்புகிறான். பாங்காக் வரை முகைதீன் காக்கா துணை. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் மடித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவன் சட்டைப்பையில்தான் வைக்கிறேன்.

மோதிரம் வராது. 'என் மோதிரம்' என்று இரண்டு தடவை எழுதிவிட்டீர்கள். அது நிக்காஹ் அன்று ஜமாஅத் முன்னால் நீங்கள் எனக்குக் கொடுத்த மஹர், மணக்கொடை. அன்றைக்கே அது என் பொருளாகிவிட்டது. அந்தக் கதையிலும் மோதிரத்தைக் காட்டுமுன்பே, பையன் முகத்தைப் பார்த்து அரசர் சுலைமானேதான் என்று ஊரே வணங்கியதாம். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், நீங்களும் மகனைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். அவன் உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் வாக்கு வாங்காமல் அனுப்புகிறேன். ஆனால் அவனிடம் சொல்லிவிட்டேன்: "மோதிரம் என் விரல்லதான் இருக்கும். உன் பொண்டாட்டிக்குப் போடணும்னா, நீயே வந்து கழட்டிக்க."

தலையைக் குனிந்துகொண்டு, "சரி உம்மா" என்றான்.

சைதா