கழுவாத குழல்

அவ்லாத் ரஹ்மூன்
3 மார்ச் 1978

என் கண்ணான மகன் ஜிலாலிக்கு அம்மாவின் சலாம்.

காசாபிளாங்காவில் விடாத மழை என்று எழுதியிருந்தாய். இங்கே பார்லி முழங்கால் உயரம் நிற்கிறது. கடை ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

திருவிழாக் குதிரையோட்டத்தில், பாய்ந்து வந்து எல்லாரும் ஒன்றாக வெடி சுடும் வரிசையில், அப்பா இடத்தில் ஏறப்போகிறேன், அவர் துப்பாக்கியை எடுத்து வை என்கிறாய். அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. இந்த வருஷம் வேண்டாமே. சித்தப்பாவிடம் வேறு துப்பாக்கி இருக்கும்.

அம்மா
ஹத்தா

காசாபிளாங்கா
10 மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா வெடிமருந்து கெட்டித்துச் சுட்ட துப்பாக்கி வீட்டில் இருக்க, நான் இரவல் வாங்கினால் ஊர் சிரிக்காதா? குண்டு இல்லாத வெறும் மருந்துதானே, பயப்படாதே. பூஅஸ்ஸா சித்தப்பாதான் இப்போது குழுத் தலைவர். "சுடுறது ஆம்பளை, கழுவுறது பொம்பளை. உங்கம்மா கழுவின குழல்ல முகம் பாத்து மீசை முறுக்கலாம்டா" என்று சிரிக்கிறார். அவரே வந்து துப்பாக்கியை வாங்கிப்போவார். நான் வியாழக்கிழமை நேரே அவர் ஊருக்கு வருகிறேன். மறுநாள் விழா.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை. இதையாவது செய்யவிடு.

ஜிலாலி

அவ்லாத் ரஹ்மூன்
22 மார்ச், புதன்

ஜிலாலி,

இதைச் சித்தப்பா ஊர் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அந்தத் துப்பாக்கியில் மருந்து போடாதே.

நான் அதைக் கழுவவில்லை. அன்றைக்கு உன் அப்பா விழாவிலிருந்து வந்து, "வெந்நீர் வை ஹத்தா, கரி இறுகறதுக்குள்ள கழுவிடு" என்று சொல்லிப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. துப்பாக்கிக்கு வைத்த வெந்நீரைத்தான் அவரைக் குளிப்பாட்ட எடுத்துப்போனார்கள்.

பிறகு ஒரு நாள் குழல்வாயில் மூக்கை வைத்தேன். அவர் சட்டையில் அடிக்கும் அதே புகை நாற்றம். கழுவ மனசு வரவில்லை. வாசனை போகாமலிருக்கத் துணியால் வாயை அடைத்தேன். அந்தக் கரி ஈரத்தைக் குடிக்கும், இரும்பைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து கழுவினவள். தெரிந்தேதான் விட்டேன்.

நேற்று சித்தப்பா ஆட்களோடு வந்தார். "கழுவியாச்சா அண்ணி?" என்றார். பின்னால் நின்றவன், "யாரைப் போய் என்ன கேக்கிற!" என்று அவரைக் கேலி செய்தான். "ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். நேரில் வந்து சொல்ல முகமில்லை. குழல் வெடித்தால் கை போய்விடும் மகனே.

அம்மா

காசாபிளாங்கா
26 மார்ச்

அம்மா,

நான் நலம். பயப்படாதே. ஓட்டுநர் மறந்துபோய்ச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். உன் கடிதம் விழா முடிந்த பிறகுதான் கிடைத்தது.

வியாழக்கிழமை குழலுக்குள் கம்பியை விட்டேன், பாதியில் நின்றது. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். கருப்புத் தண்ணீர், அழுகின முட்டை நாற்றம். "சீ" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் கொட்டினேன். அது உனக்கு என்னவென்று தெரியாமல் கொட்டிவிட்டேன் அம்மா.

குழலுக்குள் குழிகுழியாகத் துரு. சித்தப்பா அளந்து கொடுத்த மருந்தைக் கெட்டிக்காமலே குதிரையேறினேன். எல்லாரும் ஒரே வெடியாகச் சுட்டார்கள், என் துப்பாக்கியில் மட்டும் புகையில்லை. "என்னடா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சித்தப்பா, "பயந்தாங்கொள்ளி! உங்கப்பன் பேரைக் கெடுத்துட்டியேடா" என்றார். நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இனி எனக்குக் குழுவில் இடமில்லையாம்.

உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். எந்த முகத்தோடு வருவேன்?

ஜிலாலி

அவ்லாத் ரஹ்மூன்
2 ஏப்ரல்

கண்ணே,

வாசனை போனதற்கு அழுதேன். அழவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

சித்தப்பா வீட்டுக்குப் போனேன். குழு முழுக்க உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. "எம்புள்ள பயப்படல. கழுவாத குழலைக் கழுவினேன்னு சொன்னவ நான்தான்" என்றேன். பூஅஸ்ஸா குவளையைக் கீழே வைத்தார். பிறகு, "அண்ணி, அவனுக்கு மருந்தை அளந்து குடுத்தது என் கை. அவன் அதைக் கெட்டிச்சிருந்தா?" என்றார். அவ்வளவுதான். எனக்குத் தேநீர் ஊற்றவில்லை. வாசல்வரை வரவுமில்லை.

உன் இடம் உனக்குத்தானாம். அதையும் அவர் மனைவிதான் பின்னால் ஓடிவந்து சொன்னாள்.

நீ வா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா. உன் கை இரண்டையும் நான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அம்மா