ஒன்பதாவது ஆள் எழுந்தபோது

மார்ச் 27
பன்னிரண்டு துண்டுகளும் வெளுத்து வந்தன. இரண்டில் இன்னும் கறை. திருப்பி அனுப்பினேன். பெரிய வியாழனன்று மன்னர் பன்னிரண்டு ஏழைகளின் பாதம் கழுவும்போது துண்டு நீட்டுவது ஏழு வருடமாக என் வேலை. அரச குடும்பத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்பது இன்றும் எனக்குப் பழகவில்லை. இந்த வருடம் மன்னருக்கு உடம்பு சரியில்லை. அவர் தம்பி இளவரசர் தோம் ஃபத்ரீக் கழுவப் போகிறார்.

ஏப்ரல் 3
ஏழைகளின் பட்டியல் வந்தது. ஒன்பதாவது பெயர் பிராஸ், ஆற்றங்கரைக் கோயில் வாசலில் பிச்சை எடுப்பவர்.

அது என் அண்ணன் லோப்போ.

இங்கேகூட இதை நான் எழுதியதில்லை. பதினொரு வருடம் முன்பு, மன்னருக்கு எதிரான சதியில் அவன் பெயரும் அடிபட்டது. எங்கள் வீட்டு முகப்பில் இருந்த குலச்சின்னத்தை உடைத்தெறிந்தார்கள். நான் அம்மா வழிப் பெயரில் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவன் தாடி வளர்த்துப் பிச்சைக்காரன் ஆனான். கண்டுபிடித்தால் தலை போகும்.

இளவரசரும் அவனும் சின்ன வயதில் இதே அரண்மனையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். கடவுளே, நான் என்ன செய்வேன்?

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு
கோயில் வாசலில், காசு போடுவதுபோல் அண்ணன் முன் குனிந்தேன்.

"ஓடிப் போயிடு அண்ணா."

"எங்கடி ஓடுறது? புதுத் துணி, மீனு, ஒயினு எல்லாம் குடுக்குறாங்க. வேணாம்னு சொன்னா எவன்டா இவன்னு தேடிக்கிட்டு வருவாங்க."

"இளவரசர் உன்னை அடையாளம் கண்டுட்டா?"

சிரித்தான். "பாதிப் பல்லு போச்சு. நம்ம அம்மாவே வந்தாலும் காசு போட்டுட்டுப் போயிருப்பா. நீ துண்டைக் கீழ போடாம இரு, அது போதும்."

ஏப்ரல் 8
துண்டுகளை இன்று மட்டும் ஐந்து தடவை எண்ணினேன்.

ஏப்ரல் 9, பெரிய வியாழன்
உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று சடங்கு அதிகாரி தோம் பெலாயோ ஏழைகளிடம் மூன்று முறை சொல்லியிருந்தார். இளவரசர் வாளைக் கழற்றி வைத்துவிட்டு, மண்டியிட்டே ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார். எட்டாவது ஆளின் காலில் சீழ். அதையும் முத்தமிட்டார்.

ஒன்பது. அண்ணன் எழுந்துவிட்டான்!

அட பாவி! அரண்மனையில் வளர்ந்தவன், அரச ரத்தத்தின் முன்னால் உட்கார்ந்து பழகியதே இல்லை. உடம்பு தானாக எழுந்துவிட்டது. இடது காலைப் பின்னால் இழுத்து, முட்டியை மடக்கி, நெஞ்சில் கை வைத்து... பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்லித் தரும் வணக்கம் அது.

"யாருய்யா இவன்?" என்றார் தோம் பெலாயோ. காவலர் இருவர் முன்னால் வந்தார்கள்.

இளவரசர் நிமிர்ந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தெரிந்துவிட்டது. அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

"நான்தான் இப்படிச் செய்யச் சொன்னேன்," என்றார். "உக்காருங்க, பெரியவரே."

கழுவினார். முத்தமிட்டார். என் கையிலிருந்து நழுவிய துண்டை அவரே பிடித்துக்கொண்டார்.

பத்தாவது ஆள் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இளவரசர் அவன் காலைத் தொடவில்லை. "நீங்களும் எழுந்திருங்க," என்றார். ஒரு மூட்டை தூக்குபவன் தட்டுத்தடுமாறி வணங்கி முடிக்கும்வரை, அரச குலத்தில் பிறந்தவர் மண்டியிட்டபடியே காத்திருந்தார். இப்படி ஒரு மனிதரை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. இதை எழுதும்போதும் அழுகிறேன்.

ஏப்ரல் 13
தோம் பெலாயோ வந்து புலம்பினார். "இளவரசர் இதைச் சடங்குப் புத்தகத்துலயே எழுதச் சொல்லிட்டாரு அம்மா. இனி வருஷா வருஷம் பன்னெண்டு பிச்சைக்காரனுக்கு நான் வணக்கம் சொல்லிக் குடுக்கணுமாம். என் தலையெழுத்து!"

அவர் போனபிறகு வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வருடம், ஏப்ரல் 1, பெரிய வியாழன்
அண்ணன் ஜனவரிக் குளிரில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். படுக்கையில், என் கையைப் பிடித்துக்கொண்டு. யாரும் தேடி வரவில்லை.

இந்த வருடமும் இளவரசர்தான் கழுவினார். பன்னிரண்டு பேரும் முறையாக எழுந்து வணங்கினார்கள். ஒன்பதாவது ஆள் ஒரு மீனவர், வாய் சும்மா இருக்கவில்லை. "இது எந்தக் காலத்து வழக்கங்க?" என்று கேட்டே விட்டார்.

தோம் பெலாயோ நெஞ்சை நிமிர்த்தினார். "ரொம்பப் பழசுய்யா. இந்த அரச வம்சம் தொடங்கின நாள்லேருந்து இருக்கு."

இளவரசர் அந்த மீனவரின் காலைக் கழுவி முடித்தார். தலை நிமிராமல் கையை நீட்டினார். நான் துண்டைக் கொடுத்தேன்.