பஞ்சு வைத்த காதுக்குள் என் பாட்டு

2024 மார்ச் 4, திங்கள்

பிள்ளை பெற்றவளுக்குத் தலையில் துணி, காதில் பஞ்சு. குளிர்காற்று நுழையக் கூடாதாம். இந்த மலையில் காற்று எப்போது குளிராமல் இருந்தது? பிறந்ததில் இருந்து நுழைந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், "வாயாடாதே மலரு. வாய் வழியாவும் காத்து நுழையும் லா" என்கிறாள்.

பந்தாங் என்கிற பிள்ளைப்பேற்றுப் பத்தியம் முடியும் வரை வீட்டுப் படி தாண்டக் கூடாது. பாடவும் கூடாது, வயிற்றில் காற்று ஏறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. படிக்கப் போவது நான்தானே.

மார்ச் 7, வியாழன்

மழை. லைன் வீடுகளுக்குக் கீழே பழைய காய்கறி ஷெட்டில் சாயங்காலம் பிராக்டிஸ். எங்கள் பேண்டு பெயர் கரும்பனி. குணாளன் கிட்டார் அடிப்பான், அடித்தொண்டையில் உறுமுவான். கோலா தெர்லாவில் இருந்து கோஸ் ஏற்றிப்போகிற லோரிக்காரன். வேலப்பன் அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுவார். அவர் கீபோர்டில் கை வைத்தால் ஒரு மண்டபம் நிறைய வயலின்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ட்ரம்மும் உறுமியும் என் வீட்டுக்காரர் குகனேஸ்வரன். அத்தனைக்கும் மேலே பாடுவது நான். இதற்கு சிம்பொனிக் மெட்டல் என்று பெயர். தேயிலையில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கருப்பையா அண்ணன் முதல் தடவை கேட்டுவிட்டு, "கீழ ஒருத்தன் பன்னி மாதிரி உறுமுறான், பின்னால கல்யாண வீட்டு வயலினு, மேல நீ சாமி வந்தவளாட்டம் கத்துற. என்னா பாட்டு லா இது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அவருடைய மோட்டார் சைக்கிள் களவு போனபோது.

எங்கே விட்டேன்? மழை.

மழைச் சத்தத்துக்குள் ஒரு பெண் குரல் கேட்டது. பாட்டு என் பாட்டு. "பனிக்குள்ள யாரு". கொழுந்து வெட்டுகிற மெஷினைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் நடந்தபோது நான் கட்டின மெட்டு. காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். பஞ்சோடு கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

குகன் ஷெட்டில் இருந்து வந்ததும் கேட்டேன். யார் அது?

"ஈப்போ பொண்ணு, சாந்தினி. நல்லா பாடுது. ஆல்பத்துக்கு ஸ்டூடியோவுல தேதி கிடைச்சிருச்சு மலர், இத விட்டா அடுத்த வருஷம்தான். நீ எப்படிப் பாடுவ இப்ப?"

"எப்ப முடிவு பண்ணீங்க?"

பாப்பாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "வளைகாப்புக்கு முன்னால."

வளைகாப்புக்கு முன்னாலேயா! அந்த குணாளன் வந்து புளிசாதம் மூணு தட்டு தின்னானே! எனக்கு வளையல் போட்டு சிரிச்சிக்கிட்டு போட்டோ எடுத்தானே! இந்த ஆளு பக்கத்துல நின்னு பன்னீர் தெளிச்சானே! எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போய்ட்டு வாங்கடான்னு சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா? தெரியல. கேட்டிருக்கணும்.

மார்ச் 10, ஞாயிறு

குகனிடம் பேச்சை நிறுத்தியாச்சு. அம்மா சோறு போடுவாள். பாப்பா அவனைப் பார்த்துச் சிரிக்கிறது, அதற்கு விவரம் பத்தாது.

மார்ச் 16, சனி

அந்தச் சாந்தினி கூவிப் பழகுகிறாள். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று ஒரு கூவலும் அதற்கொரு பதிலும் வரும். அது நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, எங்கள் தேயிலைக்குள் இருக்கிறதுதான். பனி இறங்கிவிட்டால் மெஷினின் இந்தப் பக்கம் பிடித்திருக்கிறவளுக்கு அந்தப் பக்கம் பிடித்திருக்கிற ஜெயாவின் முகம் தெரியாது. லோரி யாரையும் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது என்று கூவுவோம். ஓஓஓய் என்று நீட்டி, கடைசியில் மேலே தூக்கினால், எங்கே இருக்கே என்று அர்த்தம். கேட்டவர்கள் ஓய் ஓய் என்று ரெண்டு தடவை பதில் கொடுத்தே ஆக வேண்டும். சண்டைக்காரியாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு ஜெயாவும் நானும் சேலைத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்தோம், அப்போதும் கொடுத்தோம். பதில் கொடுத்துவிட்டுத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை.

கடைசியில் கீழே இறக்கினால் வேறு. யாருக்கோ அடிபட்டுவிட்டது, போட்டதைப் போட்டுவிட்டு ஓடி வா என்று அர்த்தம்.

சாந்தினி கீழே இறக்குகிறாள். டவுன் பெண், பாவம், அழகாக இருக்கிறது என்று இறக்குகிறாள். குணாளனுக்குக் கோஸ்தான் தெரியும், தேயிலை தெரியாது. குகன் லெம்பா பெர்த்தாம் பூத்தோட்டத்துக்காரன். அவனுக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும்.

சொல்ல மாட்டேன். எனக்கு எவன் சொன்னான்?

மார்ச் 23, சனி

இன்றைக்கு ஆல்பத்துக்கு வீடியோ எடுத்தார்கள். மேல் மலையில் நல்ல பனி. சாந்தினிக்குக் கறுப்பு கவுன், நகம் எல்லாம் கறுப்பு. அம்மா பார்த்துவிட்டு வந்து, "யாரு வீட்டுத் துக்கம்டீ?" என்றாள்.

கூவினாள். கீழே இறக்கினாள்.

அடுத்த சரிவில் ஓவர்டைம் நடந்துகொண்டிருந்தது. மெஷின்களை அப்படியே போட்டுவிட்டு அத்தனை பேரும் மேலே ஓடியிருக்கிறார்கள். கருப்பையா அண்ணன் வடிகாலில் கால் வைத்து விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. அந்த வலியிலும் அவர் கேட்டது, "யாருக்கும்மா அடி?" யாருக்கும் இல்லையண்ணே. உங்களுக்குத்தான்.

தோட்டத்துத் துரை வந்து கேமராவைக் கட்டச் சொல்லிவிட்டார். இனி தேயிலைக்குள் பேண்டு கால் வைக்கக் கூடாது.

குகன் படி ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தான். "உனக்குத் தெரியும்ல? தினம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பேசக் கூடாது என்று இருந்தவள் பேசிவிட்டேன். "ஒரு வார்த்தை. அதேதான். ஒரு வார்த்தை நீ சொன்னியா?"

திரும்பிப் படி இறங்கிப் போனான். ஜெயித்த மாதிரி இருந்தது. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கருப்பையா அண்ணன் வீட்டுக்குப் பூண்டுக் குழம்பு கொடுத்து அனுப்பச் சொன்னேன் அம்மாவிடம். குழம்பு எலும்பை ஒட்டுமா?

ஏப்ரல் 6, சனி

பாப்பா பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றாள் அம்மா. பார்த்தால் சாந்தினி. கறுப்பு நகம் எல்லாம் அழித்துவிட்டு, பேபி சோப்பும் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியும் கொண்டுவந்திருந்தாள். கியா பார்ம் சந்தையில் வாங்கியிருப்பாள், அடியில் பாதி அழுகல். இங்கே இருக்கிறவர்கள் யாரும் மேல் அடுக்கைப் பார்த்து வாங்க மாட்டார்கள்.

"அக்கா, கருப்பையா அங்கிள பாத்துட்டு வர்றேன். அவர்தான் சொன்னாரு, அந்தப் பாட்டே உங்களுதுன்னு. நீங்க பாடறத விட்டுட்டீங்க, இனிமே வேணாம்னு சொல்லிட்டீங்கன்னுதான் என்கிட்ட சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"குணா அண்ணன். பக்கத்துல குகன் அண்ணனும் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல."

ஒண்ணும் சொல்லல. அதுதானே அவனுக்கு நல்லா வரும்.

"நான் விலகிடட்டுமா அக்கா?"

"விலகு" என்றேன். பட்டென்று. அவள் தலையாட்டினாள், பையை எடுத்தாள், செருப்பைப் போடக் குனிந்தாள். முதுகு குலுங்கியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் மேல் இல்லை. ரெண்டு ஆம்பளைகள் செய்த வேலைக்கு ரெண்டு பொம்பளைகள் படியில் நின்று அழ வேண்டுமா?

"நில்லு. கடைசிய மேல தூக்கு. இறக்காதே. இன்னொருத்தன் கால் உடையக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

அங்கேயே மெதுவாகக் கூவிப் பார்த்தாள். சரியாக இருந்தது. நன்றாகவும் இருந்தது, அது இன்னும் எரிச்சல்.

"அதுக்கு அடுத்தது அந்த ஓய் ஓய்?"

"அது என்னுது. தொடாதே."

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. குணாளன் ஆரஞ்சுப் பையோடு வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"மலரு, அந்தப் பதில் மட்டும் நீ வந்து பாடிக் குடுத்துரு லா. சாந்தினி தொட மாட்டேங்குது. கவர்ல உன் பேரு போட்டுர்றோம். கெஸ்ட்டுன்னு."

"என்னான்னு?"

"கெஸ்ட். விருந்தாளி மாதிரி."

"என் பாட்டுல நான் விருந்தாளியா? அப்ப நீ யாருடா, வீட்டுக்காரனா? வளைகாப்புல மூணு தட்டு தின்னியே, அப்ப நீதான விருந்தாளி? போ. ஆரஞ்சையும் எடுத்துக்கிட்டுப் போ."

அம்மா ஆரஞ்சை வாங்கி வைத்துக்கொண்டாள். நல்ல நாளும் அதுவுமாகப் பழத்தைத் திருப்பி அனுப்பக் கூடாதாம்.

மே 19, ஞாயிறு

வேலைக்குப் போக ஆரம்பித்து இது முதல் ஞாயிறு. தோள் வலி. ஜெயா ஹேண்ட்போனில் காட்டினாள், ஆல்பம் வந்துவிட்டது. அட்டையில் சாந்தினிதான் நிற்கிறாள். பாட்டு எழுதி மெட்டமைத்தது என்ற இடத்தில் தவமலர் என்று முழுப் பெயர். அதைப் போடாவிட்டால் பாட மாட்டேன் என்று சாந்தினி நின்றாளாம்.

கேட்டேன். உறுமி உறுமி ஏறி, வயலின்கள் எல்லாம் ஏறி, சட்டென்று நிற்கிறது. அவள் கூவுகிறாள். மேலே தூக்குகிறாள். பிறகு ஒன்றும் இல்லை. பதில் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டிருக்கிறார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. டவுன் பசங்கள் அதைப் பெரிய கலை என்று எழுதுகிறார்களாம். கலையாவது. என் கோபம் அது.

ஜூன் 9, ஞாயிறு

சாயங்காலம் பனி வாசல் வரை வந்துவிட்டது. பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஜெயா அந்தப் பாட்டை வைத்தாள். லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி வைப்பாள், அவள் வீட்டில் எதுவும் சின்னச் சத்தம் கிடையாது.

கூவல் வந்தது. பிறகு அந்தக் காலி இடம்.

எதிர் லைனில் இருந்து, கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கருப்பையா அண்ணன், "ஓய், ஓய்!" என்றார். ஜெயா கொடுத்தாள். கீழ் லைனில் யாரோ. பனிக்குள் முகமே தெரியாமல் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. தினமும் இப்படித்தான் கொடுக்கிறார்களாம். நான்தான் அந்த நேரம் கதவை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. திறந்துகொண்டது. ஓய், ஓய். பாப்பா பயந்து தண்ணீரை அடித்தது.

திரும்பினால் குகன் துண்டோடு நிற்கிறார். கண் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார்.

"கூப்பிட்டா பதில் குடுக்கணும். அதான் குடுத்தேன். உன்கிட்ட பேசிட்டேன்னு நெனச்சுக்காத."

"சரி" என்றார். துண்டை நீட்டிக்கொண்டே நின்றார். "நான் அன்னைக்கே உன்கிட்ட கேட்டிருக்கணும் மலர்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

நாளைக்கு ஷெட்டுக்குப் போகிறேன். குணாளனுக்கு இன்னும் தெரியாது. சாந்தினிக்கு மட்டும் மெசேஜ் போட்டேன், மைக் இரண்டு வை என்று. பாப்பாவும் வரும், காதில் பஞ்சு வைத்துக் கூட்டிப்போகிறேன். கோபம் தீரவில்லை. அதையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.