டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர்

1964 மார்ச், ஞாயிறு இரவு.

நாளைக் காலை மகள் செல்வியைச் செம்பூரில் அவள் மாமியார் வீட்டுக்கு என் டாக்ஸியில் கொண்டுபோய் விட வேண்டும். சம்பந்தி பானட்டைத் திறந்து பார்த்துக் குறை சொல்லும் ஆள். அதனால் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

“ஒம் மாமனாருக்கு இதுல மொகம் தெரியணும்ட்டி” என்றேன். அவள் சிரிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்தால், ஒரு வாளித் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றிவிட்டு நிற்கிறாள்.

“ஏட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் நனைஞ்சா வண்டி கெளம்பாதுன்னு தெரியாதா?”

“தெரியும்ப்பா.”

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்தால் காலையில் கிளம்பிவிடும். துடைக்காமல் வந்துவிட்டேன். பக்கத்துப் பாயில் அவளும் தூங்கவில்லை.