இடது கைத் துப்பாக்கி

துவாத்தபெரே,
2 பிப்ரவரி 1998

அன்புள்ள தமாட்டிக்கு,

ஃபெர்கஸ் எழுதிக்கொள்வது. நானும் மொய்ராவும் நலம். நீயும் உன் ஆடுகளும் நலமாக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு உன்னிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை என்று மொய்ராவுக்குக் குறை. "எழுதறதுக்கா பொறந்தான் அவன், விடு" என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

சேதி இதுதான். மான் வேட்டைக் குலுக்கலில் நம் பெயர் விழுந்துவிட்டது! ஏப்ரல் முதல் வாரம், பத்து நாள். பதினோரு வருஷமாக நாம் விண்ணப்பம் எழுதிப் போட்ட அதே ஏரிக்கரை. ஹெலிகாப்டர் இறக்கிவிட்டுப் போனால் பத்தாம் நாள்தான் திரும்பி வரும். போன வருஷம் அங்கே போனவர்களில் ஒருவன் முதல் நாளே பாறையில் சறுக்கித் துப்பாக்கியைப் போட்டு உடைத்துவிட்டானாம். மீதி ஒன்பது நாளும் மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டானாம். நமக்கு அந்தக் கதி வரக்கூடாது. மலிவாக ஒரு போல்ட் துப்பாக்கியை மாற்றுக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். எழுநூறு டாலருக்குள் எது தேறும்? இதெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி.

வெள்ளிக்கிழமை வேட்டைச் சங்கத்தில் நம் போன ஏப்ரல் கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆளுக்கொரு குழாயில் மானைக் கூப்பிட மான் மாதிரியே உறுமிக்கொண்டு, எதிரில் உறுமுவது நிஜக் கலைமான் என்று நம்பி, அரை மணி நேரம் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தோமே, அந்தக் கதை. சிரித்ததில் ஒருவனுக்குப் பீர் புரையேறிவிட்டது.

உடனே பதில் போடு.

உன்,
ஃபெர்கஸ்


வைரோவா,
11 பிப்ரவரி

அன்புள்ள ஃபெர்கஸ்,

கடிதம் கிடைத்தது. வாழ்த்து அனுப்பாததற்கு மொய்ராவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

துப்பாக்கி விஷயம். உன் பழைய துப்பாக்கிக்குப் போடும் அதே தோட்டாவைப் போடுகிற மாதிரி வாங்கு. இரண்டு வகைத் தோட்டாவைச் சுமந்துபோய் மழையில் மாற்றிப் போட்டுத் திண்டாடாதே. துப்பாக்கிக் கட்டை மரத்தில் இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் அங்கே பெய்கிற மழையில் ஊறிக் குழலை நெருக்கும், குறி விலகும். பிளாஸ்டிக் கட்டையும் துருப்பிடிக்காத குழலும் போதும். கடையில் பளபளப்பைத்தான் காட்டுவார்கள். நீ போல்ட்டைப் பத்து முறை இழுத்துத் தள்ளிப் பார். மலிவுச் சரக்கில் அது சொரசொரப்பாகத்தான் ஓடும், பரவாயில்லை, சிக்காமல் ஓடினால் சரி. அதில் மிச்சமாவதைக் குறி பார்க்கிற நல்ல ஸ்கோப்பில் போடு.

மாற்றுத் துப்பாக்கி வாங்குகிற எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஆபத்துக்குத்தானே என்று குறியைச் சரிபார்க்காமலே தூக்கிக்கொண்டு போவார்கள். ஆபத்து வரும்போது அது எங்கேயோ சுடும். இருபது தோட்டாவாவது சுட்டுப் பார்.

நான் வரவில்லை. முதுகு சரியில்லை. உன் மாப்பிள்ளை கிரெய்க்கைக் கூட்டிப் போ.

அந்தக் கதையைச் சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தேன்.

தமாட்டி


துவாத்தபெரே,
20 பிப்ரவரி

தமாட்டி,

முதுகாம்! பதினோரு வருஷம் காத்திருந்த இடத்துக்கு இப்போது முதுகைக் காட்டுகிறாயா? கிரெய்க் நடந்தால் அடுத்த பள்ளத்தாக்கு மான்கூட எழுந்து ஓடும். அவனோடு போவதற்கா நான் வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டேன்?

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று இன்வர்கார்கில்லில் நோலீனின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். நீ சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக போல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்று பாதி விலைக்குத் தொங்கியது.

"இது மட்டும் ஏன் இவ்ளோ மலிவு?" என்று கேட்டேன்.

"போல்ட் இடது பக்கம் இருக்கு பாருங்க. இடது கைக்காரங்க யாராச்சும் வந்தாத்தான் போகும். பத்து மாசமா இங்கேயே தூங்குது. வித்தவரு பேரம்கூடப் பேசல. குடுத்ததை வாங்கிக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு" என்றாள்.

கட்டையில் நம் கூடார அடுப்பு சுட்ட கறுப்புத் தழும்பு. உன் துப்பாக்கியேதான். கடைச் சீட்டில் வாங்கிய தேதி ஏப்ரல் பதினாலு. அன்று காலையில்தானே மொய்ராவைக் கட்டிப்பிடித்து "பிளேனுக்கு நேரமாச்சு" என்று கிளம்பினாய்? எங்கள் வீட்டிலிருந்து நேராக அந்தக் கடைக்கா போனாய்?

இருபத்திரண்டு வருஷமாக நீ வேறு துப்பாக்கியைத் தொட்டதில்லை. உடம்புக்கு ஏதாவதா? என்மேல் வருத்தமா? எதுவானாலும் எழுது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஃபெர்கஸ்


வைரோவா,
1 மார்ச்

ஃபெர்கஸ்,

முதுகில் ஒன்றுமில்லை. பொய் சொன்னேன்.

அன்று ஓடைக்கு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு என்று பேசிக்கொண்டுதான் பிரிந்தோம். உறுமல் கேட்ட ஆசையில் நான் ஓடையைத் தாண்டிவிட்டேன். புதருக்குள் பழுப்பாக ஒன்று அசைந்தது. உறுமலும் அங்கிருந்துதான் வந்தது. ஸ்கோப்பில் பார்த்தேன். கழுத்து தெரிந்தது. கொம்புகூடத் தெரிந்தது, ஃபெர்கஸ். காய்ந்த கிளையை என் கண் கொம்பாக்கிவிட்டது. சுடாமல் தடுக்கிற பூட்டை எடுத்துவிட்டேன். விரல் விசையில் இருந்தது.

அப்போது நீ தும்மினாய். தும்மிவிட்டு "சனியன் புடிச்ச மூக்கு" என்று திட்டினாய்.

முழு மானையும் பார்க்காமல் விசையைத் தொடாதே என்று சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்பவனே நான்தான். நீ தும்மியிருக்காவிட்டால் மொய்ராவின் முன்னால் போய் என்ன சொல்லியிருப்பேன்? கூடாரத்துக்கு வந்ததும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இனி என்னால் துப்பாக்கியைத் தூக்க முடியாது. உன் பக்கத்தில் நடக்கவும் எனக்கு அருகதை இல்லை.

தமாட்டி


துவாத்தபெரே,
8 மார்ச்

தமாட்டி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து இரண்டு நாள் எழுந்து எழுந்து போய்விட்டேன்.

நானும்தான்.

நானும் பூட்டை எடுத்திருந்தேன். இன்னும் ஓரடி முன்னால் வரட்டும் என்று காத்திருந்தேன். தும்மல் வந்து காரியத்தைக் கெடுத்ததே என்றுதான் திட்டினேன். நீ எழுந்து நின்று கையை ஆட்டினாய். உன் சட்டைப் பொத்தான் என் ஸ்கோப்பின் நடுவில் இருந்தது.

அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. வேடிக்கையாக்கிச் சொன்னேன். ஊரே சிரித்தால் வெறும் வேடிக்கைதான் என்று எனக்கும் நம்பிக்கை வந்துவிடும் என்று பார்த்தேன். வரவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

ஒன்று செய்வோம். கூடாரத்தை விட்டு ஒரே ஒரு துப்பாக்கிதான் வெளியே போக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே நடப்போம். ஒருவன் துப்பாக்கியைத் தூக்குவான், மற்றவன் பைனாகுலரில் பார்ப்பான். இருவரும் மான் என்று சொன்ன பிறகுதான் பூட்டை எடுக்கலாம். மாற்றுத் துப்பாக்கி போல்ட் கழற்றிக் கூடாரத்தில் கிடக்கட்டும்.

அதை வாங்கிவிட்டேன். உன்னுடையதைத்தான். வா.

ஃபெர்கஸ்


வைரோவா,
15 மார்ச்

ஃபெர்கஸ்,

படித்ததும் கோபம்தான் வந்தது. பதினோரு மாதம் நான் இங்கே சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். நீ அங்கே அதையே சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தாய். ஒரு வரி எழுதியிருந்தால் நானும் ஒரு வரி எழுதியிருப்பேன். கோபம் இன்னும் போகவில்லை. அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சங்கத்துக்குப் போவோம். நடந்ததை முழுதாகச் சொல். உனக்கு வாய் வராவிட்டால் நான் சொல்கிறேன்.

வலது கைக்காரன் மாற்றுக்கு இடது கைத் துப்பாக்கி வாங்கியிருக்கிறாய். உனக்கு யோசனை சொன்ன என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாள் நீதான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். நான் பார்க்கிறேன். நாலாம் நாள் காலையில் தூக்குகிறாயா என்று என்னைக் கேள். வேண்டாம் என்று சொன்னால் மறுபடி கேட்காதே.

தமாட்டி