கோல் கம்பத்தடியில் மடு மண்

செவ்வாய், இரவு 11.40

மன்னித்துக்கொள், டயறி. இப்போதுதான் கை ஓய்ந்தது. நாள் முழுக்க மழை, மைதானம் பூட்டு, பயிற்சி இல்லை. சின்னவனுக்குப் பல் முளைக்கிறது. அழுது அழுது பத்தரைக்குத்தான் படுத்தான்.

எங்கள் கால்பந்துக் கிளப்பின் வரலாறு ஒரு வழியாக எழுதி முடிந்தது. எட்டுப் பக்கம். வெள்ளி மத்தியானத்துக்குள் கவுன்சிலில் கொடுக்க வேண்டும். நாங்கள் இந்த இடத்தில் வேர்பிடித்தவர்கள் என்று காட்டாவிட்டால் மைதானம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிளப்புக்குப் போய்விடும். பிறகு என் மகள் மியா எங்கே விளையாடுவாள்? பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத ஏழு வயதுப் பிள்ளை இங்கே கோலில் நின்று மற்றவர்களை அதட்டுகிறாள். அதற்காகத்தான், வரலாற்றை யார் எழுதுவது என்று கூட்டத்தில் கேட்டபோது கை தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை.

ப. 1: இப்போது கிளப் தலைவராக இருக்கும் கெவினின் அப்பா. இங்கிலாந்தில் எந்த லீக்கிலும் இல்லாத சின்ன ஊர்க் கிளப் ஒன்றுக்கு விளையாடியவர். கப்பலேறும்போது அந்த மைதானத்துப் புல்லை வேரும் மண்ணுமாக வெட்டி, புகையிலை டின்னில் கொண்டுவந்து இங்கே நடுவட்டத்தில் நட்டிருக்கிறார். எங்கள் விளையாட்டு உடுப்பின் பச்சை வெள்ளைக் கோடும் அந்தக் கிளப்பினுடையதுதான்.

ப. 6: மைதானத்துச் சாப்பாட்டுக் கன்ரீன் நடத்தும் தெரேசா அன்ரி. ஊர் மன்னார். கோலுக்குப் பின்னால் பாம்பு வந்த வருடம், மடு மாதா கோயில் மண் கொண்டுவந்து கம்பத்தடியில் புதைத்தவர். எங்கள் பக்கம் பாம்புக்கு மடு மண்தான் காவல். அதன்பிறகு பாம்பு இல்லை.

புதன்

மழை விட்டது. உடுப்பு காயவில்லை. அன்ரி மீன் கட்லட் கொண்டுவந்தா.

"பிள்ளை, என்ர பேர் போட்டாச்சோ?"

"ஓம் அன்ரி. ஆறாம் பக்கம்."

"படம்?"

"படமும்தான்."

"அப்ப எனக்குப் பத்துக் கொப்பி. மன்னாருக்கு அனுப்போணும். இஞ்ச நான் சும்மா முட்டை பொரிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்."

வியாழன், இரவு 12 தாண்டி

கெவினின் ஈமெயில். முதல் பக்கம் வாசித்து அழுதாராம். ஆறாம் பக்கத்தை எடுக்க வேண்டுமாம். இந்த நாட்டுக்குள் கொண்டுவரத் தடையான வெளிநாட்டு மண்ணை எயார்போட்டில் காட்டாமல் கொண்டுவந்து புதைத்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுப்பதா, கோல் கம்பத்தடியையே தோண்டச் சொல்வார்கள் என்கிறார்.

உண்மைதான். அம்மா கட்டித்தரும் கருவாட்டைக்கூட ஒவ்வொரு முறையும் எயார்போட்டில் காட்டுகிறவள் நான். எப்படித் தோன்றாமல் போனது?

உடனே அன்ரிக்குப் போன் எடுத்தேன். "அந்த மண்ணை எயார்போட்டில காட்டினனீங்களோ?"

"அது மண்ணே? மாதாவின்ர மருந்தெல்லோ. செபமாலையோட வச்சுக் கொண்டுவந்தனான்."

எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. எழுதும்போது அதை மண் என்றே நினைக்கவில்லை.

என் கணவர் ஜூட்: "எடுத்துவிடுமன். மைதானமெல்லோ முக்கியம்."

"அப்ப அன்ரிட்ட நீங்களே சொல்லுங்கோ."

டீவி சத்தத்தைக் கூட்டினார்.

உயிரியலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனாலும் சனிக்கிழமைகளில் மியா நிற்கும் கம்பத்தடியைப் பார்த்துத்தான் மூச்சு விடுகிறேன். அதைத் தோண்டினால்?

பால் போத்தல்கள் கழுவ வேண்டும். மியாவின் காலுறை ஒன்று காணவில்லை.

மறுபடி முதல் பக்கம் வாசித்தேன். புல், வேர், மண். கெவினின் அப்பாவும் அதை யாரிடமும் காட்டியதாகத் தெரியவில்லை.

கெவினுக்கு இப்போது அனுப்பியது, தமிழில் எனக்காக:

ஆறாம் பக்கம் போனால் முதல் பக்கமும் போக வேண்டும். உங்கள் அப்பா கொண்டுவந்ததும் மண்தான். இரண்டையும் அப்படியே இருக்கவிட்டால், கவுன்சிலில் கேள்வி வரும்போது நான் பதில் சொல்கிறேன். எழுதியவள் என்று என் பெயர்தான் இருக்கிறது. அச்சுக்கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும். அதற்கு முன் பதில் போடுங்கள்.