மூன் என்ற குடும்பப் பெயர்

அன்புள்ள அக்கா,

பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு கிள்ளானுக்கே வந்துவிடச் சொன்னாய். இப்போதைக்கு முடியாது.

அவருக்குக் காரியம் முடிந்த நாளிலிருந்து மகள் ஜன்னலில் நின்று நிலாவோடு பேசுகிறாள். "அப்பா பேரு மூன்தானே?" என்கிறாள். நேற்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். "இங்கிலீஷ்ல அப்படி எழுதுறாங்க, அவ்வளவுதான்மா. கொரியாவுல அப்பா குடும்பப் பேருக்கு எழுத்துன்னு அர்த்தம்."



"அப்போ எழுதினா அப்பா படிப்பாரு லா," என்றாள்.

ஒரு பக்கம் எழுதி மேசையில் வைத்தாள். அவர் பதில் எழுதுவதற்கென்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் தூங்கினாள்.

காலையில் அவள் எழுவதற்கு முன்பே போய், அந்த வெள்ளைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நான்தான், அக்கா.

உன் தங்கை